கேண்டால்ஃபுக்கு நீலம் போடு

நாட்டிங்ஹாம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். பாட்டியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உங்கப்பாவைக் கேட்டால் "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். நீயாவது பக்கத்தில் உட்கார்ந்து விவரமாகக் கேட்டு எழுது.

நீ பெயிண்ட் அடித்த பொம்மையின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். நீதான் "உண்மையைச் சொல்லுங்க அத்தை, சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டு வைத்திருக்கிறாயே. ஆமாம்டா கண்ணா, அப்படித்தான் இருக்கிறது. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உங்கப்பா பிடுங்கிக்கொண்டு ஊர் வீட்டு வரியைப் பற்றிப் பேசுவான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முகம் அருமையாக வந்திருக்கிறது. கண்ணை வரைந்து கெடுக்காமல் புருவ நிழலிலேயே விட்டிருக்கிறாய். நல்ல முடிவு. வாளின் பிடியும் பழுதில்லை. தகராறு எல்லாம் துணியில்தான். எடுத்த எடுப்பிலேயே நீ கையில் பிடித்திருப்பது டோல்கீன் கதையின் மந்திரவாதி, வெள்ளை கேண்டால்ஃப். தலைமுடி வெள்ளை, தாடி வெள்ளை, உள்ளங்கி வெள்ளை, மேலங்கி வெள்ளை, தடியும் வெள்ளை. கை பழகியவர்களே "அப்புறம் பார்க்கலாம்" என்று அலமாரியில் ஏற்றி வைக்கிற உருவம் அது. நீயோ அத்தனைக்கும் ஒரே டப்பாவைத் திறந்திருக்கிறாய். தாடி எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவே இல்லை.

இதில் உன் கை மேல் குற்றமில்லை. மெல்லிய பூச்சாகத்தான் போட்டிருக்கிறாய், பிரஷ் தடம் எங்கும் இல்லை. வெள்ளைத் துணி என்றால் வெள்ளை பெயிண்ட் என்று நினைத்துவிட்டாய், அவ்வளவுதான். வெள்ளை டப்பாவைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். அதுவும் கொஞ்சூண்டு. மேலங்கியின் பெரும்பகுதி வெளிர் சாம்பலாகவோ தந்த நிறமாகவோ இருக்கட்டும். அதை வெள்ளை என்று சொல்லிக்கொள்வது பார்க்கிறவர் கண்ணின் வேலை.

நம்ப முடியவில்லை என்றால், எம்.ஐ.டி.யின் எட்வர்ட் அடெல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தைத் தேடிப் பார். பலகை மேல் ஒரு உருளை நிற்கும். அதன் நிழலுக்குள் ஒரு 'வெள்ளை'க் கட்டம், நிழலுக்கு வெளியே ஒரு 'கறுப்பு'க் கட்டம். இரண்டும் அச்சு அசலாக ஒரே சாம்பல். கத்தரித்துப் பக்கத்தில் வைத்தாலொழிய யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு பொருள் வெள்ளையா இல்லையா என்பதைக் கண் அந்த இடத்து நிறத்தை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. அக்கம்பக்கத்தையும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு வேண்டிய சாட்சிகளை நாம் துணி மேல் எழுதி வைக்க வேண்டும். நீ ஒரு சாட்சியும் வைக்காமல் தீர்ப்பை மட்டும் எழுதிவிட்டாய்.

"மடிப்புதான் வார்ப்பிலேயே இருக்கிறதே, நிழல் தானாக விழாதா?" என்று கேட்பாய். விழாது. இந்த உருவங்கள் 28 மில்லிமீட்டர் அளவு, தரையிலிருந்து கண் மட்டம் வரைக்கும் அவ்வளவுதான். மேலங்கியின் ஆழமான மடிப்பே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதிசயம். உன் அறையில் டியூப்லைட், ஜன்னல், எதிர்ச்சுவர் என்று நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் வருகிறது. அத்தனை சின்னப் பள்ளத்தில் அது புகுந்து நிழலைத் துடைத்துவிடும். சிவப்பிலும் பச்சையிலும் வண்ணமே பாதி வேலையைச் செய்துவிடுவதால் இந்தக் குறை தெரியாது. வெள்ளையில் நிழல் இல்லாவிட்டால் பார்க்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் நிழலையும் நாமே வரைகிறோம், வெளிச்சத்தையும் நாமே வரைகிறோம்.

ஒரு காரியம் செய். நாளைக் காலை மொட்டை மாடிக்குப் போய், கொடியில் தொங்கும் உங்கப்பாவின் வேட்டியைப் பார். எட்ட நின்று பார்க்காதே, கிட்டப் போய் மடிப்பைப் பார். வெயில் படாத பள்ளம் சாம்பலாகக்கூட இருக்காது, வெளிர் நீலமாக இருக்கும். அந்த இடத்துக்குச் சூரியன் எட்டவில்லை, வானம் மட்டும்தான் எட்டுகிறது. வேட்டிக்குப் பின்னால் சூரியன் நின்றால் துணியை ஊடுருவி வரும் வெளிச்சம் லேசாக மஞ்சளடிக்கும். கீழே சிவப்புத் தட்டோடு பதித்த தரை என்றால் கரை ஓரத்தில் ஒரு செம்மை ஏறியிருக்கும். தூய வெள்ளை என்று சொல்லத்தக்க இடம், மேலே கொடியில் மடங்கி வெயில் நேராக அடிக்கும் அந்த ஒரு கோடுதான். மற்றதெல்லாம் வேறு வேறு நிறம். ஆனாலும் "வேட்டி என்ன கலர்?" என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் வெள்ளை என்பார்கள்.

அந்த வேட்டிக்குப் பாட்டி சொட்டு நீலம் போடுவாரே, அது ஏன் என்று யோசித்திருக்கிறாயா? பருத்தி நாளாவட்டத்தில் மஞ்சளடிக்கும். நீலம் அந்த மஞ்சளைச் சமன் செய்கிறது. அளந்து பார்த்தால் நீலம் போட்ட துணியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் முன்பைவிடக் குறைவு. அதாவது துணி கொஞ்சம் இருண்டிருக்கிறது. கண்ணோ அதைத்தான் பளிச்சென்ற வெள்ளை என்கிறது. பழைய நீலப் பொடி என்பது அல்ட்ராமரின், ஓவியர்கள் பயன்படுத்தும் அதே நீலம். ராபின் நீலத்தை நம் ஊரில் விற்ற ரெக்கிட் கம்பெனிக்குப் பூர்வீகம் இங்கே ஹல் நகரம் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் பெயிண்ட் மேசையிலும் அல்ட்ராமரின் குப்பி ஒன்று எப்போதும் உண்டு. சாம்பல் கலக்கும்போது பிரஷ் நுனியால் அதைத் தொட்டுச் சேர்த்துவிடுவேன். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த சாம்பல் செத்துக் கிடக்கும், சிமெண்ட் நிறம். ஒரு துளி நீலம் போனால் அது துணியின் நிழலாகிவிடுகிறது.

இப்போது டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நீ கெமிஸ்ட்ரி படித்தவன், உனக்குப் புரியும். இன்றைய வெள்ளை பெயிண்ட் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. முன்னே ஈய வெள்ளை இருந்தது, அது விஷம். டைட்டானிய வெள்ளை கடைக்கு வந்து நூறு வருஷம்தான் ஆகிறது. அதன் ஒளிவிலகல் எண் 2.7 பக்கம், அது மிதக்கும் அக்ரிலிக் பிசினுக்கு 1.5 பக்கம். இந்த வித்தியாசத்தால்தான் வெளிச்சம் துகளில் பட்டுச் சிதறி வெள்ளையாகத் திரும்புகிறது. தண்ணீர் அதிகமாகி மெல்லியதாகப் பூசினால் துகள்கள் திட்டுத் திட்டாக நின்றுவிடும், அடியில் உள்ளது தெரியும். கெட்டியாகப் பூசினால் மூடும், ஆனால் காய்ந்ததும் மாவு படிந்ததுபோல் சொரசொரக்கும். கறுப்பிலும் நீலத்திலும் இந்த அவஸ்தை இல்லை. துகள் கனமானதும்கூட, தண்ணீரைப்போல் நாலு மடங்கு அடர்த்தி. குப்பியை ஒரு வாரம் விட்டால் அடியில் தங்கிவிடும். குப்பிக்குள் ஒரு துருப்பிடிக்காத எஃகு குண்டு போட்டு, கை வலிக்கக் குலுக்கு. குலுக்காத குப்பியிலிருந்து முதலில் வருவது வெறும் பிசின் தண்ணீர்.

ஆக, அடர் சாம்பலிலிருந்து வெள்ளைக்கு ஏறுவதும் கஷ்டம், வெள்ளையில் தொடங்கினால் மேலே போக இடமும் இல்லை. நீ நின்றுபோனது இந்த இரண்டாவது இடத்தில். எல்லாமே உச்சியில் இருந்தால் எதை எடுத்துக் காட்டுவாய்?

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். இதுதான் சாஸ்திரம் என்று எடுத்துக்கொள்ளாதே. இங்கே ஆளுக்கு ஒரு வழி.

சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல் மேலங்கி முழுக்க செலஸ்ட்ரா கிரே. நீலப் பச்சை சாயலோடு நடுத்தரமான சாம்பல் அது. காய்ந்ததும் மடிப்புப் பள்ளங்களுக்கு மட்டும் அதே சாம்பலில் அல்ட்ராமரினும் இம்மியளவு பழுப்பும் கலந்து, தண்ணீர் நிறையச் சேர்த்து இறக்குவேன். பிறகு அல்துவான் கிரே. வார்ஹாமர் என்ற மினியேச்சர் போர் விளையாட்டின் கதையில் உயர் எல்ஃபுகளின் தீவு அல்துவான், அந்தப் பெயரில் வருகிற, கிட்டத்தட்ட வெள்ளையான சாம்பல். டப்பாவில் பார்த்தால் இதுதான் வெள்ளை என்று சத்தியம் செய்வாய். பள்ளத்தை விட்டுவிட்டு, மேடு முழுவதும் இதுதான். என் மேலங்கிகளில் முக்கால்வாசிப் பரப்பு இந்தச் சாம்பல். அதற்கு மேல் பாதிக்குப் பாதி வெள்ளை சேர்த்து மடிப்பின் மேல்பாதிக்கு. சுத்த வெள்ளை கடைசியில் தோள்பட்டைக்கும், முழங்கை மடங்கும் இடத்துக்கும், காற்றில் தூக்கிய ஓரத்தின் விளிம்புக்கும் மட்டும். வானத்தைப் பார்க்கிற இடங்கள் அவை.

பிரஷை ஓட்டும் திசை முக்கியம். பெயிண்டைத் தொட்டதும் நேராக உருவத்துக்குக் கொண்டு போகாதே. டிஷ்யூ பேப்பரில் பக்கவாட்டாக ஒருமுறை ஒற்று. வயிற்றில் இருக்கும் அதிகத் தண்ணீர் போய், நுனியில் மட்டும் கொஞ்சம் நிற்கும். நிழலில் வைத்து, மேட்டை நோக்கி இழுத்து, விளிம்பில் எடு. பிரஷ் தூக்குகிற இடத்தில்தான் துகள் கூடுதலாகப் படியும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுத்தாயானால் வெள்ளை போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், மடிப்பே தலைகீழாகிவிடும். ஒரு இழுப்பில் ஒன்றும் மாறியது தெரியாது. தெரிந்தால் பெயிண்ட் கெட்டி என்று அர்த்தம். காயவிட்டு, அதற்குச் சற்று மேலே இருந்து அடுத்தது. ஈரத்தின் மேல் ஈரம் போட்டால் கீழ்ப்பூச்சு உரிந்து வரும், வெள்ளையில் அந்த வடு போகவே போகாது. நான் மேலங்கியின் வலப்பக்கம் ஒரு மடிப்பு, இடப்பக்கம் ஒரு மடிப்பு என்று மாறி மாறிப் போவேன். அதற்குள் முதலாவது காய்ந்திருக்கும். ரேடியோ போட்டுக்கொண்டு செய்கிற வேலை.

இதெல்லாம் நம்பர் 1 பிரஷ். நீ மூன்று சைபர் பிரஷ் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். அதைப் பத்திரமாக எடுத்து வை, உள்ளே. அவ்வளவு சின்ன பிரஷ்ஷில் நிற்கிற பெயிண்ட் உன் சென்னை வெயிலில் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நுனி கூர்மையாக இருந்தால் போதும், வயிறு பெரிதாகவே இருக்கட்டும். நுனியைக் கூராக்க நாக்கில் வைக்கிற பழக்கம் இங்கே பாதிப் பேருக்கு உண்டு. உனக்கு வேண்டாம்.

இன்னொன்று விட்டுவிட்டேன். மேலங்கிக்கும் உள்ளங்கிக்கும் நடுவில், தாடிக்கும் மார்புக்கும் நடுவில், அடர் பழுப்பில் ஒரு மயிரிழைக் கோடு ஓட்டு. கறுப்பு வேண்டாம், கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு வெள்ளையையும் பிரி. முடிக்கும் தாடிக்கும் நீலச் சாம்பல் நிழல். உள்ளங்கிக்குத் தந்த நிறத்தில் தொடங்கி மேலே போ. மேலங்கிக்கு நான் சொன்ன அல்துவான் வழி. மூன்றும் உச்சியில் ஒரே வெள்ளையைத் தொடலாம், நிழல் மட்டும் மூன்று விதமாக இருக்க வேண்டும்.

வாஷ், அதாவது பள்ளத்தில் இறங்கும் நீர்த்த பெயிண்ட், பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளை மேல் பழுப்பு வாஷை மொத்தமாக ஊற்றினால் டீ சிந்திய மேசை விரிப்பு கிடைக்கும், காயும்போது ஓரத்தில் வளையம் வளையமாக நிற்கும். பள்ளத்தில் மட்டும், பிரஷ் நுனியால். 2019-இல் வந்த காண்ட்ராஸ்ட் பெயிண்ட் வரிசையில் அபோதிகரி ஒயிட் என்று ஒன்று உண்டு. வெள்ளை ப்ரைமர் மேல் ஒரே பூச்சு, பள்ளத்தில் தானாகச் சாம்பல் தங்கும். இருபது முப்பது சிப்பாய்களை வரிசையாக நிறுத்த வேண்டும் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன், கௌரவம் பார்க்க மாட்டேன். கேண்டால்ஃபுக்கு அதைத் தொட்டாயானால் உன்னோடு பேச மாட்டேன்.

வெள்ளைத் தோல் போர்த்தியவர்கள் வேறு கதை. உயர் எல்ஃபு படையில் க்ரேஸ் நாட்டு வெள்ளைச் சிங்கப் பிரிவு இருக்கிறதே, அவர்கள் மேலங்கி சிங்கத்தோல். ரோமம் முழுக்க மேடும் பள்ளமும் என்பதால் காய்ந்த பிரஷ்ஷால் மேலே மேலே தேய்த்தாலே அழகாக வந்துவிடும். வழவழப்பான துணியில் அதையே செய்தால் புழுதி. வெள்ளையில் கை பழக ஆசையாக இருந்தால் அவர்களில் ஒரு பெட்டி வாங்கி ஆரம்பித்திருக்கலாம். சொன்னால் கேட்கிற வம்சமா நாம்.

எந்த வெள்ளை என்பது யார் போர்த்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதில்தான் எனக்கு ஆசை அதிகம். கதையில் இரண்டு வெள்ளை மந்திரவாதிகள். சாருமான் வெள்ளையைத் துறந்துவிட்டதாகவே டோல்கீன் எழுதியிருக்கிறார். அவன் அங்கி வெள்ளைபோலத் தெரியும், அசைந்தால் பல நிறம் மின்னும். சினிமாவில் அதை விட்டுவிட்டு வெள்ளையாகவே காட்டினார்கள். கேண்டால்ஃபோ சாம்பல் போர்வைக்குள்ளிருந்து வெள்ளையாக வெளிப்படுகிறவர். மேசையில் இருவரும் எதிரெதிரே நிற்கும்போது ஒரே வெள்ளையில் இருந்தால் என்ன சுவாரசியம்? என் சாருமானுக்குப் பழைய தந்தத்தின் மஞ்சள், நிழலில் லேசான ஊதாவும் பச்சையும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்படி. கேண்டால்ஃபுக்குக் குளிர்ந்த வெள்ளை, நீல நிழல். மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்களோ இல்லையோ, என் மேசையில் என் சட்டம்.

மனித வீரர்களுக்கு வரும்போது சரித்திரத்தைக் கொஞ்சம் பார். இந்த மாயக்கதைப் படைகளில் பாதி, சிலுவைப்போர் வீரர்களின் சாயலில் செய்தவை. அவர்களில் டெம்ப்ளர் என்ற பிரிவினருக்கு 1129-இல் ட்ருவா நகர சபையில் வகுத்த விதிப்படி வெள்ளை மேலங்கி நைட் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும்தான். கீழ்நிலை வீரர்களுக்குக் கறுப்பு அல்லது பழுப்பு. அந்த வெள்ளையும் சாயம் போடாத கம்பளி, ஆட்டின் மேல் இருந்த நிறம். கிளாஸ்கோவில் சார்ல்ஸ் டெனன்ட் 1799-இல் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை எடுப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளில், நார்த்துணியைப் பளிச்சென்று வெளுக்க வேண்டுமென்றால் சாம்பல் காரத்தில் ஊறவைத்து, புளித்த மோரில் தோய்த்து, மாதக்கணக்கில் புல்வெளியில் வெயிலில் விரித்துப் போட வேண்டும். அதனால் ஒரு சாதாரண நைட்டின் மேலங்கியில் சுத்த வெள்ளையைப் பார்த்தால் எனக்கு உறுத்தும். அவனுக்குத் தந்த நிறமும் பழுப்பு நிழலும் போதும். சுத்த வெள்ளை ராஜாவுக்கும் எல்ஃபுக்கும். எல்ஃபு எப்படி வெளுக்கிறான் என்று யார் கேட்கப் போகிறார்கள்.

ஓரத்தில் சேறு தெறித்திருக்க வேண்டுமா என்பது இங்கே தீராத வழக்கு. சிலர் எந்த உருவம் கிடைத்தாலும் கால்வாசிக்குச் சேற்றில் முக்கிவிடுகிறார்கள். என் கட்சி வேறு: நடந்தவனுக்குச் சேறு, குதிரையில் வந்தவனுக்குப் புழுதி. உன் கேண்டால்ஃப் குதிரைக்காரர். செய்வதென்றால், பெட்டியோடு வரும் பஞ்சைச் சின்னதாகப் பிய்த்து, வெளிர் பழுப்பைத் தொட்டு, டிஷ்யூவில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மேலங்கியின் கீழ் ஓரத்தில் ஒற்று. நேர்க்கோடாக இல்லாமல் இங்கே ஏறியும் அங்கே இறங்கியும் இருக்கட்டும். அதற்குக் கீழே, குறுகலாக, அடர் பழுப்பு. அடித்தட்டில் என்ன மண்ணோ அதே நிறமாக இருக்க வேண்டும். கரிசல் தரையில் நிற்பவனுக்குச் செம்மண் ஓரம் போட்டிருந்ததை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். மற்றபடி அற்புதமான வேலை, எனக்கு அந்த ஓரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு படம் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் 1628-இல் வரைந்த 'புனித செராப்பியன்'. இப்போது அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகர வாட்ஸ்வர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல பெரிய பிரதியாக இணையத்தில் தேடி எடு. சித்திரவதைப்பட்டுச் செத்துக்கொண்டிருக்கும் துறவி, மணிக்கட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், தலை சாய்ந்துவிட்டது. படத்தில் ரத்தம் கிடையாது. பின்னால் இருட்டு, முன்னால் முழுக்க முழுக்க வெள்ளை அங்கி. துறவியின் கதையே அந்தத் துணியின் கனத்தில்தான் இருக்கிறது. கைகளிலிருந்து கீழே விழும் மடிப்புகளைப் பார். பாலாடை, தேன் கலந்த சாம்பல், ஈரமண், கிட்டத்தட்டக் கறுப்பு எல்லாம் இருக்கும். தடிமனாக வெள்ளை தீற்றிய இடங்களை விரல்விட்டு எண்ணலாம். சுர்பரானின் அப்பா துணிச் சாமான் வியாபாரி. அதனால்தான் இப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் துணி எந்த இடத்தில் எப்படி விழும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நான் புதிதாக ஒரு மேலங்கி தொடங்கும் முன் இந்தப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இனி உன் ஊர் சமாசாரம். ப்ரைமர் ஸ்ப்ரே அனுப்பச் சொல்லிக் கேட்டாய். அழுத்தக் கேன் விமானத் தபாலில் போகாது, ஆபத்தான பொருள் வகையில் சேர்த்துவிட்டார்கள். போகட்டும், சென்னை ஈரப்பதத்தில் அது உனக்கு உதவியும் செய்யாது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் ப்ரைமர் புழுதியாய்ப் படியும், மேட் வார்னிஷ் வெள்ளை மூட்டம் போடும். பிரஷ்ஷால் பூசுகிற ப்ரைமரும் வார்னிஷும் அங்கேயே கிடைக்கின்றன, அதையே வாங்கு. நண்பனிடம் ஸ்ப்ரே இரவல் கிடைத்தால் விடிகாலையில் அடிக்காதே. காலைதான் குளிர்ச்சி என்று நினைப்பாய், ஈரம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பிற்பகலில், வெயில் நேராகப் படாத வராந்தாவில் அடி. மழை நாளில் தொடவே வேண்டாம்.

பேலட்டில் பெயிண்ட் காய்ந்துபோகிறது என்பதற்கு மருந்து வெட் பேலட். காசு கொடுத்து வாங்காதே. மூடி இறுகலாக இருக்கும் தட்டையான டிபன் பாக்ஸ் ஒன்று, அடியில் ஈரப் பஞ்சோ நாலாக மடித்த டிஷ்யூவோ, அதன் மேல் பட்டர் பேப்பர். பெயிண்டைப் பேப்பர் மேல் கல. மூடி வைத்தால் மறுநாளும் பதமாக இருக்கும். வெள்ளைக்கு இது ரொம்ப அவசியம், ஏனென்றால் அதே சாம்பலை மறுபடி கலந்து பிடிப்பது யாராலும் ஆகாத காரியம்.

உங்கப்பா "இருபத்திரண்டு வயசில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறான்" என்று என்னிடம் புலம்பினான். நான் அறுபதை நெருங்கிக்கொண்டு அடிக்கிறேன் என்றேன், போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டான். அடுத்த தடவை கேட்டால் இதைச் சொல்: 'காலயந்திரம்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ் நாற்பது வயது தாண்டியபின் தரையில் தவழ்ந்து, ஸ்பிரிங் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தி விளையாடியிருக்கிறார். அதற்கு விதிமுறைகள் வகுத்து 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமே போட்டார். இங்கே நாட்டிங்ஹாமிலோ அது ஒரு தொழில். வெள்ளை லேஸுக்குப் பேர்போன ஊர் இது, லேஸ் ஆலைகள் போனபின் மினியேச்சர் கம்பெனிகள் இத்தனை முளைத்துவிட்டதால் 'ஈயப் பட்டை' என்று கேலியாகப் பெயரே வைத்துவிட்டார்கள். வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் தலைமையகம் லெண்டனில் இருக்கிறது. உன் கேண்டால்ஃப் வருகிற வரிசையில் பெரும்பங்கை வடித்த இரட்டையர்கள், ஆலன் பெரியும் மைக்கேல் பெரியும், அந்தக் கம்பெனியின் சிற்பிகளாக இருந்தவர்கள். நீ வந்தால் வார்ஹாமர் வேர்ல்டு கண்காட்சிக்கு அழைத்துப் போகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மேலங்கிகளைப் பார்க்க நான் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போவேன். மாமா தெரியாதவர்போல நாலடி தள்ளி நிற்பார்.

இந்த கேண்டால்ஃபை உரித்துக் கழுவ வேண்டாம். இருக்கிற வெள்ளை மேலேயே பள்ளத்தில் நீலச் சாம்பலை மெல்ல மெல்ல இறக்கிப் பார், மடிப்பு எழுந்து வரும். பிழைத்தால் மேசைக்கு, இல்லாவிட்டால் அலமாரியின் பின் வரிசைக்கு. பார்சலில் அல்துவான் கிரேயும் செலஸ்ட்ரா கிரேயும் இரண்டிரண்டு டப்பாவும், ஒரு நம்பர் 1 பிரஷ்ஷும் வருகின்றன. கஸ்டம்ஸ் காகிதம் ஏதாவது வந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. உங்கம்மாவுக்கு ஷார்ட்பிரெட் டப்பா ஒன்றும் வைத்திருக்கிறேன். அதில் கை வைக்காதே.

அடுத்த தடவை படம் எடுக்கும்போது டியூப்லைட்டுக்கு அடியில் எடுக்காதே. ஜன்னல் பக்கம், பின்னால் ஒரு சாம்பல் அட்டை. போன் கேமரா வெள்ளையைப் பார்த்தால் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், திரையில் மேலங்கியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்.

பாட்டிக்கு என் நமஸ்காரம். முழங்காலை மறந்துவிடாமல் எழுது.

அன்புடன்,
அத்தை